கோட்டைக்காரனுக்கு ஒரு மெட்டு

மூன்று வருடமாக ஒரு மனிதரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் செத்து எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிரான்சு நாட்டின் தென்பக்கத்தில் ஒரு மலைக்கோட்டைக்குச் சொந்தக்காரர். குதிரையேறிச் சண்டை போட்டவர், பாட்டுக் கட்டியவர், கடைசியில் தனக்கு மேலே வந்து உட்கார்ந்த பிரபுவையே எதிர்த்து எல்லாவற்றையும் இழந்தவர். அவர் கதையை நான் தமிழில் எழுதி எங்கள் தோட்டத்து ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும், அவருடைய பாட்டு ஒன்றை என் அண்ணன் பாட வேண்டும். நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். இதற்குப் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அந்த ஆள் என் கையில் கிடைத்தது குப்பைக்கூடைக்குப் பக்கத்தில். மலாக்கா பட்டணத்தில் ஒரு சின்னத் தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்வது என் வேலை. பயணிகள் விட்டுப்போகும் சாமான்களை மூன்று மாதம் எடுத்து வைப்போம். யாரும் கேட்காவிட்டால் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சார்ஜரும் வெயில் கிரீமும் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது முதுகு உடைந்த ஓர் ஆங்கிலப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எப்போதாவது என் கதை ஒன்று வரும். அதனால் விடுதியில் எனக்கு 'எழுத்தாளரம்மா' என்று பெயர். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். என் ஆங்கிலம் அந்தப் புத்தகத்துக்குப் போதாது. ஒரு கையில் கைபேசி அகராதியும் மறுகையில் பென்சிலுமாக, இருபது பக்கம் தாண்ட ஒரு மாதம் பிடித்தது.

கதை இதுதான். அந்தச் சீமைக்கு வடக்கிலிருந்து ஒரு பெரிய பிரபு புது அதிகாரியாக வருகிறான். போரில் ஜெயித்து வரவில்லை, கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். பெண் வழியில் நாடே அவன் கைக்கு வந்துவிடுகிறது. கத்தியைவிட அதிகமாக அவன் நம்பியது வக்கீல்களை. அவர்கள் ஒவ்வொரு கோட்டைக்கும் போய், இந்த நிலம் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிற மனிதரிடம் ஆதாரம் கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? பக்கத்துப் பிரபுக்கள் ஒவ்வொருவராகப் போய்த் தலைகுனிந்துவிட்டு வந்தார்கள். நம்முடைய ஆள் போகவில்லை. உட்கார்ந்து பாட்டுக் கட்டினார். அதிகாரியைத் திட்டினார், வக்கீல்களைத் திட்டினார், எல்லாரையும்விட அதிகமாகத் தலைகுனிந்த தன் சொந்த ஆட்களைத் திட்டினார். துறைமுகப் பட்டணம் ஒன்று அதிகாரிக்கு எதிராகக் கிளம்பியபோது இவரும் சேர்ந்துகொண்டார். பட்டணம் தோற்றுச் சமாதானம் செய்துகொண்டது. இவர் கோட்டை பறிபோனது. அக்கம்பக்கத்து ராஜா ஒருவரை நம்பிப் போய்விட்டார் என்கிறார்கள். எங்கே செத்தார் என்று சரியாகத் தெரியவில்லை. மிஞ்சியது மூன்றே மூன்று பாட்டு.

இதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு சின்ன விஷயம். திட்டுகிற பாட்டுக்கு அந்த ஊரில் தனியாக மெட்டுப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லையாம். எல்லாருக்கும் தெரிந்த காதல் பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்து, அதன்மேல் வசவை ஏற்றிவிடுவார்கள். மெட்டு ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பதால் வசவு வேகமாக ஊர் சுற்றும். இதைப் படித்தபோது அறையில் தனியாக இருந்தேன், வாய்விட்டுச் சிரித்தேன். என் அண்ணன் செய்தது அச்சு அசலாக இதேதான்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் சுங்கை ரம்பாய் போகிற வழியில் இருந்தது. நான் அங்கே ஆயாக் கொட்டாயில் வேலை பார்த்தேன். தாய்மார் வேலைக்குப் போன பிறகு கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அண்ணன் வெளியே லோரி ஓட்டினார். கம்பெனி தோட்டத்தை விற்றதும் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஆளுக்கொரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டால் டவுனில் அடுக்குமாடி வீடு கிடைக்கும் என்றார்கள். போடாமல் எல்லாரும் சேர்ந்து நின்றால் தோட்டத்து நிலத்திலேயே வீட்டுக்கு மனை கேட்கலாம் என்று அண்ணன் சொன்னார். ஆரம்பத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கழன்றது.

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் தண்ணி. அன்றைக்கு யாரையும் காவடிச் சிந்து மெட்டில் பாடிக் கேலி செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது எங்கள் தோட்டத்து முறை. குடிகாரனைப் பாடுவார்கள், கஞ்சனைப் பாடுவார்கள், சமயத்தில் வேலை வாங்குகிற மண்டோரையே பாடுவார்கள். அந்த வருடம் அண்ணன் கையெழுத்துப் போட்டவர்களைப் பாடினார். வீட்டுக்கு ஒரு வரி, பெயர் சொல்லி. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற முறை அன்றோடு செத்தது.

நான் அன்றைக்கு அங்கே இல்லை. மகளுக்கு மூச்சு இழுத்து, மலாக்கா ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. லயத்துக்குத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். இழுப்புள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு கிணற்றுக்கும் வீட்டுக்கும் எத்தனை நாள் நடப்பது? ஒருநாள் விடியும் முன்பே, காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க ஆள் கூடுவதற்குள், ஆபீசுக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் எதுதான் மறையும்?

ஆகவே அந்தப் பாட்டில் என் வரியும் இருந்திருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அண்ணனிடம் கேட்கவில்லை, அவரும் பேச்சை எடுக்கவில்லை. ஊர் முன்னால் தங்கச்சியைப் பாடிவிட்டார், போகட்டும், நல்லதுக்குத்தானே பாடினார் என்று மனசுக்குள் மன்னித்துவிட்டேன். மன்னித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோவேன், அண்ணிக்கு உடம்பு முடியாதபோது போய்ச் சமைத்துக் கொடுப்பேன். யார் இப்படிச் செய்வார்கள் என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன்.

பாட்டுப் பாடிய ஒரு வாரத்துக்குள் மிச்சமிருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தோட்டம் போனது. அதன் பிறகு அண்ணன் ஒரு வரிகூடப் பாடியதில்லை. லோரி வேலையும் போய், பாயா ரும்புட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்துவிட்டார். கேட்டைத் திறப்பார், மூடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும்.

எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடுவோம். இந்த வருடக் கூட்டத்தில் கோட்டைக்காரர் கதைக்குப் பதினைந்து நிமிடம் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மலைமேல் வீடு கட்டி வாழ்ந்த வெள்ளைக்காரப் பிரபு, அவர் நிலத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள், அவர் எதிர்த்துப் பாடினார் என்று விளக்கமாகவே எழுதினேன். முதல் பதில், அவர் எந்தத் தோட்டத்துத் துரை என்று. அடுத்தது, மலை பங்களாவில் இருந்த துரைக்கு என்ன கஷ்டம் வந்தது என்று. இன்னொருவர், அந்தத் துரை தன்னை ஒருமுறை நாயை விட்டுக் கடிக்க வைத்தார் என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார். மலைமேல் வெள்ளைக்காரன் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு ஆள்தான், தோட்டத்து மேனேஜர் துரை. இவர் துரை இல்லை, துரையிடம் மாட்டிக்கொண்டவர் என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். கடைசியில் ஒரு அக்கா, துரைமாருக்கு எதற்கம்மா பாட்டு, பிள்ளைகளை ஆட விடலாமே என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றும் போட்டுவிட்டார். கைபேசியைச் சுவரில் எறியலாமா என்றிருந்தது.

கூட்டத்தை நடத்தும் தலைவரை நேரில் போய்ப் பார்த்தேன். மண்டோர் மகன், இப்போது டவுனில் டயர் கடை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர். துரை கதையைச் சொல்லிக்கொள்ளுங்கள், அதில் ஒன்றுமில்லை என்றார். அண்ணன் பாடுவதைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகம் மாறியது.

"அண்ணன் வரட்டும்க்கா. சாப்பிடட்டும். பாட மட்டும் வேணாம்லா."

ஏன் என்று கேட்டேன். பழைய கதை, விடுங்கள் என்றார். இருபது வருடத்துக்கு முன்னால் பாடிய பாட்டுக்காகவா இன்னும் ஒரு மனிதரை ஒதுக்கி வைப்பது என்று சத்தமாகவே கேட்டேன். உங்கள் அப்பாவைப் பாடினார், சரி, என்னையும்தானே பாடினார், நான் மறந்துவிட்டு அண்ணனோடு ஒட்டி உறவாடவில்லையா, உங்களுக்கெல்லாம் அந்த மனசு ஏன் வரவில்லை என்று கொட்டித் தீர்த்தேன். தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டயர் வந்திருக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இன்னும் மூன்று வீடு ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் கோப்பி கொடுத்தார்கள், பசியாறச் சொன்னார்கள். காரணம் மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. மனுஷ ஜாதியே இவ்வளவுதான் என்று திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அண்ணனைச் சம்மதிக்க வைத்துவிட்டால் அப்புறம் யார் தடுப்பது என்று நினைத்தேன். அவருக்கு வேலை முடிந்த ஒரு மத்தியானம் கிளேபாங் கடலோரத்துக் கடை ஒன்றுக்கு அழைத்துப்போனேன். செக்யூரிட்டிச் சட்டையோடுதான் வந்தார். தேங்காய் ஷேக் இரண்டு வாங்கி வைத்துவிட்டு, நான் எழுதிய முழுக்கதையையும் படித்துக் காட்டினேன். கல்யாணம் செய்து வந்த அதிகாரி, ஆதாரம் கேட்ட வக்கீல்கள், தலைகுனிந்த பிரபுக்கள், காதல் மெட்டில் வசவு, பட்டணம் தோற்றது, கோட்டை போனது. குறுக்கே பேசாமல் கேட்டார். காவடிச் சிந்து மெட்டில் நான் தமிழ்ப்படுத்தியிருந்த வரிகள் வந்தபோது விரல் மேசையில் தானாகத் தாளம் போட்டது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஆள் மசிந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இவன் பாட்டுல யாரையாச்சும் விட்டுட்டானா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"தலகுனிஞ்சவன்ல சொந்தக்காரன், மச்சான், கூடப் பொறந்ததுன்னு யாரையாச்சும் பாடாம விட்டானா? புக்குல போட்டிருக்கா?"

புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்றேன். அதைப் போடாமல் என்னத்தைப் புத்தகம் எழுதுகிறார்கள் என்று சலித்துக்கொண்டார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் விட்டேன். பதினேழு வீட்ட பாடிட்டேன், பதினெட்டாவது உன் வீடு. உருமிக்காரன் என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறான். வரல. அதோட பாட்ட முடிச்சிட்டேன்."

அன்றைக்குத் திருவிழாக் கூட்டத்தில் யாரோ எண்ணியிருக்கிறார்கள். ஒரு வீடு குறைகிறதே என்று கேட்டிருக்கிறார்கள். தங்கச்சியை மறைத்துவிட்டு எங்களை எதற்கு நாறடிக்கிறாய் என்று மண்டோர் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அதுவரை கையெழுத்துப் போடாமல் அவரை நம்பி நின்றவர்களே அந்த வாரம் வரிசையாகப் போய்ப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறவனோடு எதற்கு நிற்பது என்றார்களாம். அண்ணன் இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிவிட்டு, உறிஞ்சு குழாயால் ஐஸ்கட்டியைக் குத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இருபது வருடமாக நான் மன்னித்துக்கொண்டிருந்தது நடக்காத ஒன்றை. ஊரே அவரை ஒதுக்கியது என்னால். தலைவரிடம் போய் மனசு வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன், அவர் என் முகத்தைப் பார்க்காமல் என்ன செய்வார்? ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன். சொன்னால் நீ என்ன செய்திருப்பாய் என்று திருப்பிக் கேட்டார். மண்டபத்தில் பாட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். சாப்பிட மட்டும் வாருங்கள் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

கூட்டத்தன்று வழக்கம்போல வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை. என் பதினைந்து நிமிடம் ஐந்தாகச் சுருங்கியது. நான் மைக்கைப் பிடித்தபோது எல்லார் கண்ணும் பின்னால் பிரியாணிப் பானை மேல். மூன்று வருட உழைப்பைத் தண்டவாளத்தில் ரயில் ஓடுவதுபோல மூச்சுவிடாமல் சொன்னேன். கோட்டைக்காரர் தன் ஆட்களைத் திட்டிப் பாடிய இடத்தில் நிறுத்தினேன். அண்ணன் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தார்.

"நம்ம தோட்டத்துலயும் ஒருத்தர் பாடினார். பதினேழு வீட்ட பாடினார். விட்டுப்போன வீடு என்னுது. விடியறதுக்குள்ள போயி போட்டுட்டு வந்தேன். அவர் என்னை விட்டது எனக்குப் போன மாசந்தான் தெரியும்."

மண்டபம் அமைதியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன, சமையல்காரர் மூடியைத் திறந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னம்மா மட்டும் கையைத் தூக்கினார். அண்ணன் பாட்டில் முதல் வீடு அவருடையது. அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை.

"எங்களுக்கெல்லாம் அன்னிக்கே தெரியும்மா. உனக்குத்தான் தெரியாது," என்றார். பிறகு நாற்காலியோடு திரும்பி, கதவோரத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, அவ வரிய நீ கட்டவே இல்லியா, கட்டிட்டு முழுங்கிட்டியா?"

கட்டினேன் என்று அண்ணன் அங்கிருந்தே சொன்னார்.

"அப்ப பாடு. எங்கள பாடினல்ல, அதையும் கேட்டுட்டுப் போறோம்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கை நீட்டினேன். அண்ணன் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார், என் பக்கம் திரும்பவில்லை. தொண்டையைக் கனைத்தார். முதல் சொல்லில் குரல் பிசிறியது, இரண்டாவது சொல்லில் மெட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஆயாக் கொட்டாயில புள்ள உறங்கவச்ச கைதான் - அடி
ஆளெல்லாம் உறங்கையில பேனா புடிச்ச கைதான்."

மண்டபம் சிரித்தது. சின்னம்மா தொடையில் தட்டிச் சிரித்தார், தலைவரும் சிரித்துவிட்டார். அவர்கள் யாரும் என்னைப் பகைத்துச் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு நறுக்கென்று ஒரு வரியை அவர் இருபது வருடமாக வைத்திருந்திருக்கிறார், நான் கொண்டுபோன முறுக்கைத் தின்றுகொண்டு வைத்திருந்திருக்கிறார். அண்ணன் பாட வேண்டும் என்று வீடு வீடாக அலைந்தவள் நான்தான். பாடுகிறார், இப்போது காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? சின்னம்மா இன்னொரு தரம் கேட்டார். அண்ணன் இன்னொரு தரம் பாடினார். இந்தத் தடவை குரல் பிசிறவே இல்லை. பிறகு சின்னம்மா அவர் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப்போனார். கோட்டைக்காரருக்குக் கோட்டை திரும்பக் கிடைத்ததா என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

திரும்பும்போது அண்ணனை என் காரில் ஏற்றிக்கொண்டேன். பாயா ரும்புட் விளக்குச் சந்திப்பில் சிவப்பு விழுந்து வண்டியை நிறுத்தினேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கே பாடித் தொலைச்சிருக்கலாம்ல அண்ணே. தோட்டமாச்சும் நின்னிருக்கும்."

"பாடியிருந்தா அதுக்கப்புறம் என் வீட்டு வாசல மிதிச்சிருப்பியா?"

மிதித்திருப்பேன் என்றேன். அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. பச்சை விழுந்து பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.